ஆறு அம்மா வேணுமாம்

கும்மிடிப்பூண்டியில் சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனியொன்றில் ஏழு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவள் விக்டோரியா. பிரசவத்துக்காக வேலையை விட்டாள். மகள் ஜெனிபருக்கு மூன்று வயது ஆனபோது அங்கிருந்தே போன் வந்தது. வேலையை விட்டு நின்ற தாய்மார்களைத் திரும்ப எடுக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு உள்ளேயே காப்பகம் இருக்கிறதாம். கணவன் அந்தோணி விடியும் முன்பே வேன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டில் வேறு ஆளில்லை. காப்பகம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கிளம்பினாள்.

ஆளெடுக்கும் அதிகாரி திலகவதி பத்தே நிமிடத்தில் வேலையை உறுதி செய்தாள்.

"காப்பகத்த ஒருதபா பாத்துக்கினு போறேன் மேடம்" என்றாள் விக்டோரியா.

அறைச் சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். கதவைத் திறந்தால் கூரைவரை அட்டைப்பெட்டி.

"இன்னா மேடம் இது?"

"ஆறு அம்மா சேந்தாதான் ஆயா போடுவாங்க. இப்போ நீங்க ஒருத்தர்தான்."

"ஆயா இல்லாம எந்த அம்மா வருவா?"

"ரூல்ஸ் அப்படிம்மா."

ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை கம்பெனியைத் திட்டிய அவள் வாய் ஓயவில்லை. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் பழைய தோழிகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஆயா இருக்கிறாளா? "நீ வந்தா இருப்பா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அவர்களில் ஈஸ்வரி என்பவள், "நீ இன்னா கம்பெனி ஏஜெண்டா?" என்று போனை வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டு, "எத்தினி மணிக்கு வரணும்?" என்றாள்.

வந்த ஐந்து பேருக்கும் திலகவதி வேலையை உறுதி செய்தாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறு தாய்மாரும் ஏழு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அறை பூட்டியே கிடந்தது.

"ஹெட் ஆபீஸ்ல இன்னும் ஓகே சொல்லல. இன்னைக்கு மட்டும் பசங்கள வீட்ல விட்டுட்டு..." என்று திலகவதி இழுத்தாள்.

"ஊட்ல யாரு மேடம் கீறாங்க? இருந்தா மூணு வருசமா நாங்க ஏன் குந்திக்கினு இருக்கப்போறோம்?" என்றாள் விக்டோரியா.

அவள் நேரே திலகவதியின் அறைக்குப் போனாள். சோபாவில் ஜெனிபரை உட்காரவைத்து, "ஓகே வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆறு பேரும் வேலை மேசைக்குப் போய் அமர்ந்தார்கள்.

இருபது நிமிடத்தில் திலகவதி ஓடிவந்தாள். ஒரு பிள்ளை பைல்மேல் மூத்திரம் போய்விட்டது. இன்னொன்று போன் வயரைக் கடிக்கிறது. ஆனால் சூப்பர்வைசர் கோபால் குறுக்கே வந்து நின்றார். ஆளில்லாமல் இரண்டு மாதமாகப் பேஜாராகிக் கிடந்தவர் அவர்.

"இவங்கள எழுப்பாதீங்க மேடம். பொட்டிங்கள நான் காலி பண்றேன்."

ஒரு மணி நேரத்தில் அறை காலியானது. துப்புரவு வேலை பார்க்கும், நாலு பிள்ளை வளர்த்த பூவம்மாளை அங்கே உட்காரவைத்தார்கள். வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ் கடிதம் வந்தது: மூன்று மாதத்துக்கு மட்டும், சோதனை முறையில்.

"மூணு மாசம் கழிச்சி?" என்று விக்டோரியா கேட்டாள்.

திலகவதி பெருமூச்சு விட்டாள். "எனக்கும் ஒரு பையன் இருக்காம்மா. மாமியார்தான் பாத்துக்கறாங்க. அடுத்த தடவ நானே சண்ட போடறேன்."

டீ இடைவேளையில் விக்டோரியா அந்த அறையை எட்டிப் பார்த்தாள். பூவம்மாள் மடியில் ஏறி அவள் கொண்டையைப் பிரித்துக்கொண்டிருந்த ஜெனிபர், அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'உனுக்காவ நான் ஊரையே கூட்டிக்கினு வந்தேன்டி' என்று முணுமுணுத்துவிட்டு விக்டோரியா டீயைக் குடிக்கப் போனாள்.