இரண்டாவது முடிச்சு

நேபாளத்தில், லலித்பூர் வானத்தை அவர்களுடைய செயற்கைக்கோள் மறுபடியும் கடந்து போயிற்று. மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்திருந்த சுமிகாவின் காதில் வெறும் இரைச்சல்தான். ஏவிய நாளிலிருந்து அது வாயே திறக்கவில்லை.

"திலக்கோட பேட்டரிக்கு மின்வெட்டுடோய்!" என்று கீழே பட்டறையில் ஒருவன் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள்.

திலக் சிரிக்கவில்லை. ஜும்லா மலையிலிருந்து வந்தவன். செய்து பார்த்தே கற்றுக்கொள்வோம் என்று இவர்கள் சேர்ந்து கட்டிய, உள்ளங்கையில் நிற்கிற அந்தச் செயற்கைக்கோள் பெட்டியில் பேட்டரி அவன் பொறுப்பு. அதன் ஆன்டெனா சுமிகாவின் பொறுப்பு.

"நான் ஊருக்குப் போறேன் தீதி. சாயங்காலம் பஸ்ஸு" என்றான் சுமிகாவிடம். அக்கா முறையில் அவளை தீதி என்றுதான் கூப்பிடுவான்.

"அவனுங்க கிண்டலுக்கெல்லாமா போவாங்க?"

"கிண்டல் இல்ல. நான்தான் கொன்னுட்டேன். இனிமே இந்தச் சாமானையே தொட மாட்டேன்."

அவன் போன பிறகு, அவன் தொடாத மோமோ ஆறிப்போய்த் தட்டிலேயே கிடந்தது. பேட்டரி மேல் தப்பில்லை என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும். சோதனைக்கென்று அச்சு அசலாக அதே மாதிரி கட்டிவைத்திருந்த இன்னொரு பெட்டியை சுமிகா எடுத்தாள். ஏவுவதற்கு ஒப்படைத்த நாளில் செய்ததையெல்லாம் அப்படியே திரும்பச் செய்தாள். எஃகு அளவுநாடாவில் வெட்டிய ஆன்டெனாவை மடக்கி, தூண்டில் நரம்பால் கட்டினாள். விண்வெளிக்குப் போனதும், நரம்பைத் தொட்டிருக்கும் ஒரு கம்பி சூடாகி அதை எரிக்கும். ஆன்டெனா துள்ளி விரியும்.

கட்டி முடித்த கை நிற்கவில்லை. தானாகவே இன்னொரு நரம்பை எடுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டது.

அவள் அந்த முடிச்சையே பார்த்தாள். ஒப்படைத்த அன்று உலுக்கிச் சோதித்தபோது நரம்பு தளர்ந்திருந்தது. போகிற வழியில் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று கடைசி நேரத்தில் இப்படித்தான் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினாள். கம்பி தொட்டிருந்த நரம்பு மட்டும் கருகி அறுந்தது. ஆன்டெனா அசையவில்லை.

பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். திலக் ஜன்னலோரம் இருந்தான்.

"உன் பேட்டரி இல்லடா. நான்தான். ரெண்டாவதா ஒரு நரம்பு கட்டிட்டேன். கம்பி ஒண்ணத்தான் எரிக்கும். ஆன்டெனா விரியவே இல்ல."

திட்டட்டும் என்று நின்றாள். அவன் திட்டவில்லை.

"அப்ப பேட்டரி?"

"நல்லாத்தான் இருக்கணும்."

"அப்ப அது உசுரோட இருக்கா தீதி?"

அவள் தலையாட்டினாள்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்குமா?"

"இருக்கும். அந்தச் சத்தம் இங்க வரைக்கும் வராது."

திலக் முகத்தைப் பொத்திக்கொண்டான். "செத்துப்போச்சுன்னு நெனச்சப்பகூட இப்படி வலிக்கல."

பேருந்து உறுமியது. அவன் மூட்டையை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

"அடுத்து எப்ப நம்ம தலைக்கு மேல வரும்?"

"விடியக்காலையில. ஆனா கேக்காது திலக்."

"தெரியும். அதுக்காக, தனியா கத்தட்டும்னு விட்டுட்டா போறது?"


"ஏய், ஏறுறியா இல்லையா?" என்று நடத்துநர் பேருந்தின் பக்கவாட்டில் தட்டினார். இருவரும் திரும்பிப் பார்க்காமல் மொட்டைமாடியை நோக்கி நடந்தார்கள்.