ஹன்னா தாக்வெல்லின் புல்வெளி

றொசானா அருமைநாதன் செத்துப்போனவர்களின் சட்டிபானைகளை எண்ணிச் சம்பாதிக்கிறவள். அப்படித்தான் அவளுடைய கணவன் வலன்ரைன் கோயில் கொண்டாட்டங்களில் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

மொன்றியல் பிரெஞ்சு அரசனின் கையில் இருந்த காலத்தில், குடும்பத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் ஒருவர் வீட்டுக்கு வருவார். அயலவர் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய், கட்டில் முதல் கரண்டி வரை எல்லாவற்றையும் எழுதுவார். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் தாள்கள் இன்றும் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அந்தக் காலத்துக் கிறுக்கல் எழுத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கக்கூடியவர்கள் இந்த நகரத்தில் அதிகம் இல்லை. மன்னாரிலிருந்து ஐந்து வயதில் வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த றொசானா அவர்களில் ஒருத்தி. தெபானர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவளுக்குச் சின்னதாக ஓர் அலுவலகம் இருந்தது. தங்கள் வம்சத்தைத் தேடுகிறவர்கள் படியேறி வருவார்கள்.

போன ஒக்டோபரில் அப்படி ஏறி வந்தவர் எலினோர் பிரிச்சர்ட். எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தனியாகக் காரோட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிர்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஈசாக் தாக்வெல்லின் மரணசாசனம்" என்றார் ஆங்கிலத்தில். "எங்கள் கிராமத்தில் முதல் முதலாகக் காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். நான் அவருடைய கடைசி மகள் மெர்சியின் வழி."

றொசானா வாசித்தாள். வீடு மூத்த மகனுக்கு. மாடுகளும் ஏர்ச்சாமான்களும் இரண்டாவது மகனுக்கு. அதற்குக் கீழே வேறுவிதமான ஒரு வாசகம் இருந்தது. 'என் மகள் ஹன்னா கனடாவிலிருந்து திரும்பி வந்து எங்கள் நடுவே குடியிருப்பாளானால், ஆற்றங்கரைப் புல்வெளி அவளுக்கு.'

"பிடித்துக்கொண்டு போனார்களா?" என்று கேட்டாள்.

"ஒன்பது வயதில். பிரெஞ்சுப் படையும் அதன் பூர்வகுடிக் கூட்டாளிகளும் பனிக்காலத்தில் வந்து கிராமத்தை எரித்தார்கள். பிள்ளைகளைப் பனிக்குள்ளால் கனடாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பலரைப் பிறகு மீட்டார்கள். ஹன்னா வரவில்லை. சின்ன வயதிலேயே செத்திருப்பாள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது. முப்பது வருடத்துக்கு முன் ஓர் ஆய்வாளரை வைத்துத் தேடினோம். அவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை."

எலினோர் இன்னொரு தாளை நீட்டினார். ஈசாக்கின் சொத்தைப் பிரித்து முடித்தபோது நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு அது. அதில் ஒரே ஒரு வரி: 'கனடாவிலிருந்து வந்த பத்திரத்தின்படி, புல்வெளி மெர்சிக்கு.'

"என்ன பத்திரம் என்று யாருக்கும் தெரியாது" என்றார் எலினோர். "அதைத் தெரிந்துகொள்ளாமல் சாக எனக்கு விருப்பமில்லை."

அன்றே றொசானா வேலையைத் தொடங்கினாள். கார்த்திகை முழுவதும் காப்பகத்திலேயே கிடந்தாள். தாக்வெல் என்ற பெயர் ஞானஸ்நானப் பதிவுகளில் இல்லை, கலியாணப் பதிவுகளில் இல்லை, நொத்தாரிசுகளின் அட்டவணைகளிலும் இல்லை. முந்திய ஆய்வாளர் நேர்மையாகத்தான் தேடியிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. அவர் முட்டிய சுவரில்தான் அவளும் முட்டினாள். பிள்ளை உண்மையிலேயே செத்துப்போயிருக்குமோ என்ற எண்ணம் மெல்ல மெல்ல அவளுக்குள்ளும் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினி மேசையில் கொப்பிகளைப் பரப்பி, பார்த்த பக்கங்களையே அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலன்ரைன் இறால் உடைத்துக்கொண்டிருந்தான். அவன் நகர பஸ் ஓட்டுபவன், லீவு நாளில் சமையல் அவனுடையது.

"என்னப்பா, முகம் விழுந்துபோய்க் கிடக்கு?" என்றான்.

"ஆள் இல்லையப்பா. பேரே இல்லை."

"என்ன பேர் எண்டனீர்?"

"ஹன்னா தாக்வெல்."

"தங்கவேலோ?"

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை. என்ரை காதுக்கு அப்பிடித்தான் கேட்டது. நான் என்ன செய்ய?"

றொசானா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளுடைய அப்பா அருமைநாதன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் இன்னொரு பெயர், வேலை செய்த இடத்தில் வேறொரு பெயர் என்று இருந்தவர். எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. காதில் விழுந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான்.

"இஞ்சருங்கோ," என்றாள், "பிரெஞ்சுக்காரனுக்கு முன்னாலை நிண்டு ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை தன்ரை பேரைச் சொல்லுது எண்டு வையுங்கோ. அவனுக்கு ஹ வராது. அந்த இங்கிலிஷ் த-வும் வராது. என்னெண்டு எழுதுவான்?"

வலன்ரைன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இருபது வருடமாகக் கியூபெக் பிரெஞ்சைப் பஸ்ஸில் கேட்டுப் பழகிய வாயால் சொல்லிப் பார்த்தான். "ஆனா… டாக்குவேல். ஆன் டாக்கேல்."

அவள் எழுதினாள். இரண்டு பேருமாக மாறி மாறிச் சொன்னார்கள், ஒவ்வொரு விதத்தையும் அவள் எழுதினாள். குழம்பு அடிப்பிடித்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காப்பகம் திறந்ததும் அவள் உள்ளே இருந்தாள். மத்தியானத்துக்கு முன் ஆளைப் பிடித்துவிட்டாள். 'ஆன் தக்கேல், இங்கிலாந்துக்காரி.' எத்தியென் குர்வால் என்ற தோல் பதனிடுகிறவனுக்கும் அவளுக்கும் எழுதிய கலியாண ஒப்பந்தம். பெண்ணின் பிறந்த ஊராக எலினோரின் கிராமம் இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. தகப்பன் பெயர் ஈசாக். கடைசியில், 'கையெழுத்திடத் தெரியாது என மணமகள் கூறினார்' என்று இருந்தது.

றொசானா வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி, வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றாள். ஹன்னா சாகவில்லை.

அதற்குப் பிறகு பாதை தெளிவாக இருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் பெண் கலியாணம் கட்டினாலும் பத்திரங்களில் தகப்பன் பெயரோடுதான் இருப்பாள். இன்றும் கியூபெக்கில் அப்படித்தான். றொசானாவும் கலியாணத்துக்குப் பிறகு அருமைநாதனாகவேதான் இருக்கிறாள். அந்த வழக்கம் இல்லாவிட்டால் ஹன்னா ஏதோ ஒரு மதாம் குர்வாலாகி மறைந்துபோயிருப்பாள். இப்போதோ அவளுடைய பெயரைப் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாகப் பின்னால் போக முடிந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஆற்றோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள்.

அந்த நில விற்பனையை எழுதிய நொத்தாரிசின் தாள்கட்டுக்குள்ளேயே றொசானா தேடிய பத்திரமும் இருந்தது. வருடம் 1724. அதை அவள் மூன்று தரம் வாசித்தாள், பிழையாக விளங்கிக்கொள்கிறேனோ என்ற பயத்தில்.

வியாபாரி ஒருவர் மூலம் தகப்பன் இறந்த செய்தியும், அவர் விட்டுப்போன புல்வெளியின் செய்தியும் தனக்குக் கிடைத்ததாக ஆன் தக்கேல் சொல்கிறாள். தகப்பனின் ஆத்துமாவுக்காக அவள் மன்றாடுகிறாள். தான் திரும்பிப் போகப் போவதில்லை. கணவனும் பிள்ளைகளும் தொழிலும் இங்கே, தன் விருப்பத்தோடுதான் இங்கே இருக்கிறாள், தன்னை யாரும் மறித்து வைத்திருக்கவில்லை. அந்தப் புல்வெளியை, 'நான் பிடிபட்ட நாளில் தொட்டிலில் கிடந்த என் தங்கை மெர்சிக்கு' கொடுக்கும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறாள்.

றொசானா அப்போதே எலினோருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. முழுதும் முடியட்டும் என்று பொறுத்தாள். வேலையில் அவளுக்கு இருந்த கர்வம் அது: பாதிக் கதையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

1738இல் எத்தியென் இறந்தான். நொத்தாரிஸ் வீட்டுக்கு வந்து எழுதிய சாமான் பட்டியல் பல பக்கம் நீண்டது. றொசானா அந்த வீட்டுக்குள் அவரோடு சேர்ந்து நடந்தாள். அடுக்களையில் பிடி ஆடுகிற செப்புச் சட்டி. இறகு மெத்தை. பழைய நீலக் கம்பளிப் பாவாடை. பின்வளவில் மரப்பட்டை ஊறவைக்கும் தொட்டிகள், அவற்றுக்குள் ஊறிக்கொண்டிருந்த தோல்கள். அந்த இடத்தில் நொத்தாரிஸ் தான் எழுதிய ஒரு வரியைக் கோடு போட்டு வெட்டியிருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம் இருந்தது: 'இந்தத் தோல்கள் ஊராருடையவை, பதனிடத் தந்தவை, எங்கள் சொத்தில் சேர்க்க வேண்டாம் என்று விதவை தடுத்தபடியால் நீக்கப்பட்டது.'

கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்துகளுக்கு நடுவே, மையை அழுத்தி, பெரிய பெரிய எழுத்தாக ஒரு பெயர் இருந்தது. நொத்தாரிஸ் அவளை எப்போதும்போல் ஆன் தக்கேல் என்றுதான் எழுதியிருந்தார். அவள் எழுதியது வேறு: ஹன்னா தாக்வெல். தகப்பன் தன் மரணசாசனத்தில் எழுதியிருந்த அதே ஆங்கில எழுத்துகளில். அந்த எழுத்தை எங்கே கற்றாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. றொசானாவும் தன் அறிக்கையில் அதை ஊகிக்கவில்லை. தெரியாது என்றே எழுதினாள்.

அன்று பின்னேரம் வலன்ரைன் காப்பகத்துக்கு வெளியே காரோடு காத்திருந்தான். அவள் ஏறி இருந்ததும் கேட்டான். "என்ன, அழுதனீரோ?"

"ஓம்" என்றாள். "சும்மா இல்லை. பெருமையிலை."

"ஆரை நினைச்சு?"

"அவவையும்தான். என்னையும்தான்." சொல்லிவிட்டு அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

மிச்ச வேலை கத்தோலிக்கக் கோயில்களின் பதிவேடுகளில் இருந்தது. ஹன்னாவின் கடைசி மகனிலிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தபோது, மாசி மாதத்தில் அவள் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டில் உயிரோடு இருக்கும் ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்தாள். மிஷெல் குர்வால், பனி தள்ளும் இயந்திரங்கள் திருத்துகிறவர். முதல் அழைப்பில் அவர் நம்பவில்லை, ஏதோ விற்க வருகிறாள் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டாவது அழைப்பில் றொசானா அவருடைய பாட்டனின் பாட்டனுக்கும் மேலே போய் வரிசையாகப் பெயர்களைச் சொன்னாள். தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்கள் சரியாக வந்ததும் மனிதர் அவற்றை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மனைவி சூப் வைப்பாள்" என்றார்.

எலினோர் மீண்டும் காரோட்டி வந்தார். வலன்ரைன் இருவரையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். வழியில்தான் றொசானா 1724ஆம் ஆண்டுப் பத்திரத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள். தொட்டிலில் கிடந்த தங்கை என்ற இடம் வந்ததும் எலினோர் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தச் சொன்னார். 

"நான் பிறந்த வீடு அந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது" என்றார். "முந்நூறு வருடமாக அவள் தந்த நிலத்தில் இருந்துகொண்டு, பாவம், செத்துப்போனாள் என்று சொல்லியிருக்கிறோம்."

மிஷெலுக்கு ஆங்கிலம் வராது. எலினோருக்குப் பிரெஞ்சு தெரியாது. சூப் மேசையில் இருவருக்கும் நடுவே றொசானா இருந்தாள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவளுடைய கிண்ணம் ஆறிப்போனது. தோல் பதனிடும் தொழில் அவருடைய பாட்டன் காலம் வரை குடும்பத்தில் இருந்தது என்று மிஷெல் சொன்னார். தங்கள் புல்வெளியில் இப்போது பூசணி போடுகிறோம் என்று எலினோர் சொன்னார். ஹன்னாவின் கையெழுத்துப் பிரதியை மேசையில் விரித்தபோது, எண்ணெய்க் கறை போகாத தன் கைகளை மிஷெல் துவாயில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

"ஊராருடைய தோலை விலக்கச் சொன்னாளா?" என்று அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்டார். றொசானா திரும்பவும் வாசித்தாள். அவர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கேட்டாயா? எங்கள் ஆள்."

எலினோர் அவர் சொன்னது என்ன என்று கேட்டார். றொசானா சொன்னாள். "எங்களுடைய ஆளும்தான் என்று சொல்லுங்கள்" என்றார் எலினோர்.

வெளிக்கிடும்போது மிஷெல் வாசல் வரை வந்தார். பனி கரைந்ததும் அந்தப் புல்வெளியைப் பார்க்கப் போக வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன், மொழிபெயர்க்க நீங்கள் வர வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார்.

"வருகிறேன்" என்றாள் றொசானா. "ஆனால் வேலைக்கு இல்லை. விருந்தாளியாக."

காரில் ஏறியதும், முன்பே வந்து காரைச் சூடாக்கிக்கொண்டிருந்த வலன்ரைன் கேட்டான், "என்னவாம் மனிசன்?"

"மே மாசம் மாசச்சூசெட்சுக்கு வெளிக்கிடுறம். லீவு போடுங்கோ."

"ஆர் ஆர் போறம்?"

"எல்லாரும்" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்த எலினோருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் திரும்பினாள்.