ஊதா மைக் கோடு

என் உடம்பு யாருக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று இவர்களாகவே எப்படித் தீர்மானித்தார்கள்?

தையல்நாயகி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. எதிரே கணவன் சம்பத்தின் அண்ணன் துளசிங்கம் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அச்சுக்குப் போகவேண்டிய நோட்டீஸ். 'மார்பில் புற்றுநோய் கண்டு, ஆஸ்பத்திரி கைவிட்ட நான், முடிச்சூர் வைத்தியரின் பொடியால் பிழைத்தேன்.' கீழே அவள் பெயர். கல்யாண போட்டோவில் சம்பத்தை வெட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.

யார் கைவிட்டது? போன வருஷம், எண்பத்தெட்டில், ஆபரேஷன் ஆறியதும் ஐந்து வாரம் கரண்ட் வைத்துக்கொள்ள, அதாவது கதிர்வீச்சுக்கு, ஆஸ்பத்திரி போனாள். தாம்பரத்தில் ரயிலேறி, சைதாப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்து, தனியாக. மார்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அழியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. வெள்ளிக்கிழமை தலைமுழுகாதவள் என்று இந்த வீட்டில் அவளை விளக்கேற்ற விடவில்லை.

பொடியை அவள் ஒருநாளும் தின்றதில்லை. சண்டை போடத் தெம்பில்லாமல், துளசிங்கம் கொடுத்ததைக் கையில் வாங்கி வாஷ்பேசினில் கரைத்துவிட்டாள்.

"இன்னாம்மா யோசனை? உன் நகையையா கேட்டேன்? ஒரு கையெழுத்து."

"ஆஸ்பத்திரி கைவிடலையே, மாமா."

"நோட்டீஸ்னா அப்படித்தான் எழுதுவாங்க. கரண்ட் வெச்சவங்க கருகிப் போறாங்கன்றாரு வைத்தியரு. நீ மட்டும் எப்படித் தப்பிச்சே? பொடிதான்."

சம்பத் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "போட்டுடேன் தையலு. அண்ணன் வைத்தியருக்கு வாக்கு குடுத்துட்டாரு."

நேற்று பின்தெரு பேபி வந்திருந்தாள். அவளுக்கும் அதே நோய். பத்து நாள்தான் கரண்ட் வைத்திருந்தாள். ரவிக்கை ஓரத்தில் அதே ஊதா மை. "அக்கா, மெய்யாலுமே பொடியாலதானா? துளசிங்கம் சார் சொன்னாரு. அப்ப நான் கரண்டை வுட்டுடட்டுமா?" சம்பத் பக்கத்தில் இருந்தான். "காபி குடிக்கிறியா?" என்றாள் தையல்நாயகி. அதை நினைத்தால் இப்போதும் காது சுட்டது. தெம்பில்லை என்று நேற்றைக்கும் சொல்லிக்கொள்ள முடியாது. நேற்று அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

துளசிங்கம் பேனாவை நீட்டினார். வாங்கி, மூடி போட்டு, நோட்டீஸ்மேல் வைத்தாள்.

"பொடியைப் பேசின்ல கொட்டிட்டேன் மாமா. எல்லா நாளும். பேபிகிட்ட இப்பவே போய்ச் சொல்லப்போறேன்."

"குடும்பத்து மானம் போயிடும்மா. நீ ஒண்ணும் பேச வேணாம், கையெழுத்து மட்டும் போடு."

"மாட்டேன், மாமா" என்று சொல்லிவிட்டு, ஒட்டியிருந்த தன் போட்டோவை நகத்தால் மெதுவாகப் பெயர்த்து எடுத்தாள்.