வீட்டுக்குத் தொடங்கி விலைக்கு முடித்த விரிப்பு

ஊசி வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன், பதினோரு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த தபால்காரர் வீட்டுக்குள் சுவர் வழியாக வந்தான். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை; அங்கே மாட்டியிருந்த காலண்டர் மட்டும் கழன்று விழுந்தது. வந்தவன் அதை எடுத்துத் தூசி தட்டி மறுபடி ஆணியில் மாட்டினான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்னறையில் கிடந்த வட்ட விரிப்பின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்து நீட்டி, "கடையில ஒரே கூட்டம். டீ இருக்கா?" என்றான். தபால்காரர் மனைவி பால் பாத்திரத்தோடு நின்றிருந்தார். பாத்திரத்தைக் கீழே போடாமல் நின்றதைப் பின்னாளில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். டீயும் போட்டுக் கொடுத்தார். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தோன்றவில்லை.

தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை இல்லை, வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். குளித்துவிட்டு வந்தவர் தாடியும் டீயுமாக ஒருவன் நடு அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, திருடன் என்றால் இவ்வளவு சாவகாசமாக இருக்க மாட்டானே என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று போலீசைக் கூப்பிட்டார். போலீஸ் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. வண்டி திரும்பி வருவதற்குள் அவன் விரிப்பில் இருந்தான். வெளியே கொட்டுகிற மழை. அவன் தலைமுடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. இரண்டாம் தடவை கொண்டுபோய் விட்டபோது ஏட்டையா கூடவே நின்று பார்த்தார். பார்த்ததை என்னவென்று சொல்வது என்று தெரியாமல், காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது போலீஸ் வரவில்லை. தபால்காரருக்கு முகம் மறந்துபோகும், விலாசம் மறக்காது. அதனால் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, உங்க வீட்டுக் கதவு நம்பர் என்ன?" என்று கேட்டார். அவன் சொன்னான். அது விரிப்புக்காரியின் வீடு. போன சனிக்கிழமைதான் அந்த விரிப்பை அவளிடமிருந்து தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

விரிப்புக்காரியும் அவளுடைய நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்து விரிப்புப் பின்னிப் பிழைத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கிழிந்த போர்வை, நிறம் போன திரைச்சீலை, அளவு சிறுத்த ஸ்வெட்டர் எல்லாம் வாங்கி வருவார்கள். துணியை நாடாவாகக் கிழிப்பார்கள், ஸ்வெட்டரைப் பிரித்து நூலாக்குவார்கள். மூன்று இழை சேர்த்துச் சடையாகப் பின்னி, சடையை நத்தை மாதிரி சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போனால் விரிப்பு. சுற்று தொடங்குகிற நடு இடத்துக்குத் தொழிலில் தொப்புள் என்று பெயர். விற்கிற விரிப்பு என்றால் தொப்புளில் யாரும் உடுத்தாத துணியைத்தான் வைக்க வேண்டும், தையற்கடை வெட்டுத்துணி மாதிரி. சொந்த வீட்டுக்குப் பின்னுகிற விரிப்பில் மட்டுமே வீட்டு ஆட்களின் துணியைத் தொப்புளில் வைக்கலாம். ஏன் என்று இருவரும் கேட்டதில்லை. உப்பு ஏன் கரிக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

ஊசிக்குப் போனவன் விரிப்புக்காரியின் கணவன். நாத்தனாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். போன அன்று காலையில்தான் மூவரும் உட்கார்ந்து தங்கள் வீட்டுக்கென்று ஒரு விரிப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவனுடைய கோடு போட்ட சட்டை ஒரு இழை, அவளுடைய பூப்போட்ட பாவாடை ஒரு இழை, தங்கையின் அரக்கு ஸ்வெட்டர் நூல் ஒரு இழை. உள்ளங்கை அகலம் வந்தபோது ஊசி முறிந்தது. இதோ வருகிறேன் என்று போனான். முதல் வருடம் தேடினார்கள், இரண்டாம் வருடம் அழுதார்கள், மூன்றாம் வருடம் ஊர் அவனுக்கு ஊசிக்காரன் என்று பெயர் வைத்துச் சிரித்தது, அதற்கப்புறம் ஊரும் மறந்தது. நாத்தனார் மட்டும், அண்ணன் போன அன்றிலிருந்தே அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்திருந்த தகரப் பெட்டியில் அவன் துணிமணிகளையும் அடுக்கி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பத்தாவது வருடத்தில் கடைவீதிக் கடிகாரக்காரர் விரிப்புக்காரியிடம், உங்களுக்குச் சம்மதமென்றால் நாம் சேர்ந்து இருக்கலாம் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெட்டி காலியாகட்டும் என்று அவள் பதில் சொன்னாள். ஓடாத கடிகாரங்களோடு பழகியவருக்குக் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாத்தனார், ஒருநாள் காலையில் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

விரிப்புக்காரி பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அழவில்லை. அடியில் அந்த உள்ளங்கை அகலச் சுற்று கிடந்தது. பின்னியதை வீணாக்குவானேன் என்று, தொப்புள் முறையைக்கூட நினைக்காமல், அதையே நடுவாக வைத்து, சட்டை நாடாக்களைச் சுற்றிக்கொண்டே போனாள். வாரக் கடைசியில் விரிப்பு முடிந்தது, தபால்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பெட்டி திறந்த அன்றே எங்கோ வெகுதூரத்தில் ஒருவன் நடக்கத் தொடங்கியிருந்தான் என்பதோ, விரிப்பு தெரு மாறியதும் அவன் கால்களும் தெரு மாறிவிட்டன என்பதோ அவளுக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை காலையில் அவன் தன் சொந்த வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஊசிக்காரன் சாயலில் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தபால்காரர் ஆள் அனுப்பினார். இருவரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். விரிப்புக்காரி வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். காலையில் போய் மதியம் திரும்பியவன் முகம் அது.

"நீயா, வா. நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்கு வாசல்ல நிக்கிறே?"

நாத்தனார் அண்ணன் மடியில் விழுந்து அழுதாள், அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே, என்ன இவ்வளவு நரைச்சுப்போச்சு என்று ஆச்சரியப்பட்டான். ஊசி வாங்கியவுடனே திரும்பியதாகச் சொன்னான். திரும்பினால் வழி மூடியிருந்ததாம். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கும்மிருட்டு. எங்கே போனாலும், சந்தையிலும் ரயிலிலும் ஆற்றங்கரையிலும்கூட, மூச்சு முட்டுகிற அந்துருண்டை வாசனை. அதைக் கேட்டதும் நாத்தனாரின் அழுகை நின்றது. எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"நான்தான் பூட்டினேன், அண்ணி. அண்ணன் போன அன்னைக்குச் சாயங்காலமே. ஊசி வர்ற வரைக்கும் அழுக்காகாம இருக்கட்டுமேன்னு அந்தச் சுத்தை எடுத்துப் பெட்டியில வெச்சது நான்தான்."

பதினோரு வருடம் அண்ணனுக்காக அந்தப் பெட்டியைக் காத்தவள். அந்தக் காவல்தான் அண்ணனை வெளியே நிறுத்தியது என்பது அவள் தலையில் இடியாக இறங்கியது. தபால்காரர் மனைவி அவளுக்கும் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மெல்ல, வீட்டுக்குத் தொடங்கியதை விலைக்கு முடித்துவிட்டீர்களே அண்ணி என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, திகைப்புதான் இருந்தது. விரிப்புக்காரிக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சனிக்கிழமையிலிருந்து சாயங்காலமானால் தானும் இந்தத் தெருவில்தான் நடந்துகொண்டிருக்கிறோம். வீட்டில் சோப்பு இருக்கும்போதே சோப்பு வாங்க இந்த வாசலைக் கடந்து போயிருக்கிறோம். நாத்தனாரும் அப்படியே. தொப்புளில் இருந்தது மூன்று இழை. அவன் கால் மட்டுமா மாறும்?

நாத்தனாருக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனால் அண்ணன் பின்னாலேயே வந்துவிடுவான், மூவரும் முன்பு போல இருக்கலாம். தபால்காரரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தப்பான விலாசத்துக்கு வந்ததைச் சரியான விலாசத்தில் சேர்ப்பதுதானே முறை என்றார். ஆனால் அவர் மனைவி டீ டம்ளரைக் கழுவுவதாகச் சொல்லி உள்ளே போய், கழுவாமல் நின்றிருந்தார். விரிப்புக்காரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கெட்டவனில்லை. அடித்தவனில்லை, குடித்தவனில்லை, வேண்டுமென்று போனவனுமில்லை. கோபப்படவாவது ஒரு காரணம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அவனுக்குக் கழிந்தது ஒரு காலைப்பொழுது. அவளுக்கு ஓர் ஆயுள். அவன் தேடி வந்த பூப்போட்ட பாவாடைக்காரி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

அவள் விரிப்பருகில் மண்டியிட்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தரியின் முனையால் தொப்புளில் அவன் இழையின் தையல் ஒன்றைத் தளர்த்திப் பார்த்தாள். அவன் சட்டென்று எழுந்தான். குருடன் போலச் சுவரைத் தடவிக்கொண்டு அறையைச் சுற்றினான், நாற்காலியில் இடித்துக்கொண்டான், கதவு எங்கே, கதவு எங்கே என்று கேட்டான். கதவு அவன் எதிரில் திறந்து கிடந்தது. அவள் தையலை இறுக்கிய பிறகுதான் அவன் வேர்த்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். மொத்தத்தையும் பிரித்தால் அவனுக்கு எந்த வீடும் இல்லாமல் போய்விடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தன் இழையைப் பிரித்துக்கொண்டால் தனக்கும் அதே கதிதான் என்பது விரிப்புக்காரிக்குப் புரிந்தது.

"என் இழையை மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள்.

"அண்ணி, வேண்டாம். இப்பத்தானே பாத்தீங்க? வெளியில நின்னு முழிப்பீங்க."

"முழிச்சுட்டுப் போறேன். உன்னோடதையும் எடுக்கவா?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "என்னோடது இருக்கட்டும்" என்றாள். "பூட்டினவ நான். நானே கூட இருக்கேன்."

இரண்டு இழையில் சடை நிற்காது. மூன்றாவதற்கு என்ன செய்வது என்று விரிப்புக்காரி சுற்றுமுற்றும் பார்த்தபோது, தபால்காரர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பழைய தலையணை உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமலே கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில் தைத்தது, அதில் தலை வைக்கப் பிள்ளை பிறக்கவில்லை என்று மட்டும் சொன்னார். விரிப்புக்காரி அதை நாடாவாகக் கிழித்து, பூப்போட்ட இழையை ஒரு பக்கம் உருவ உருவ, மறுபக்கம் அதைக் கோத்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பூ வெளியே வந்தபோது தரை ஒரு படி கீழே இறங்கியது போல அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஊசிக்காரன் அவளை ஏறிட்டுப் பார்த்து, மரியாதையாக எழுந்து நின்றான்.

"வாங்க, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

அவள் எதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அந்த 'ங்க'வுக்குத் தயாராக இல்லை. வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் சண்டையிலும் சமாதானத்திலும் கூப்பிட்ட சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. இரண்டு தடவை முயன்றாள்.

"அக்கா" என்றாள். சொல்லிவிட்டு அவளே விக்கித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரிப்புக்காரி அவள் கையை விலக்கி, கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "பரவாயில்லை. அதுவும் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடு. ஸ்வெட்டர் பிரிக்கிறது நிறைய கிடக்கு."

தெருமுனையில் அவள் கால்கள் நின்றுவிட்டன. இடதா வலதா என்று தெரியவில்லை. சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனார்கள். பிறகு அவள், தெரியாத ஊரில் வழி கேட்கிறவர்கள் செய்வதைச் செய்தாள். ஒரு பெண்ணிடம் தன் வீட்டு விலாசத்தையே சொல்லி எப்படிப் போவது என்று விசாரித்தாள். ஒரு மாதம் வரை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஊசிக்காரன் தபால்காரர் வீட்டிலேயே இருக்கிறான். அவரை அப்பா என்கிறான், கீரைக்கட்டு வாங்கப் போனால் சில நாள் சுவர் வழியாகத் திரும்புகிறான். நாத்தனார் காலையில் விரிப்பு வேலைக்கு வருகிறாள், சாயங்காலம் அங்கே போகிறாள். முதலில் வாயைப் பிளந்த தெரு, மழைக்காலம் முடிவதற்குள் பழகிக்கொண்டது. கடிகாரக்காரர் நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு, நன்றாக யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்து விரிப்புக்காரியின் முன்னால் வைத்தார். நடுவில் வைத்துப் பின்னிவிடுங்கள் என்றார். அவள் சட்டையைப் பிரித்துப் பார்த்தாள், பொத்தான்களை இழுத்துப் பார்த்தாள், திரும்ப மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நல்ல சட்டை, போட்டுக்கோங்க. வரணும்னு தோணுச்சுன்னா நீங்களா வாங்க. போகணும்னு தோணுச்சுன்னா நீங்களா போங்க."

அவர் அன்றிலிருந்து கடையைப் பூட்டியதும் தினமும் வருகிறார். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். இதைத்தான் தெருவால் வெகுநாள் ஜீரணிக்க முடியவில்லை. எந்த இழையும் இழுக்காமல் ஒரு மனிதன் தினமும் ஒரே வாசலுக்கு எப்படி வருவான் என்று பேசிப் பேசிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டார் ஒருநாள் துணிந்து, அவள் இல்லாத நேரத்தில் உள்ளே போய், கிடந்த விரிப்பையெல்லாம் புரட்டி நடுப்பகுதியைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தையற்கடை வெட்டுத்துணிதான் இருந்தது. அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? சரி, இப்படியும் நடக்கும் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.