கடல் ஏறினதை ஆர் பார்த்தது?

அன்றைக்கு என் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். யன்னலோரக் கதிரையில் அன்ரோனெற் மச்சாள். புத்தகம் அவர் கையில் இருந்ததால் வெளிச்சமும் அவருக்குத்தான். கதவடி வாங்கிலில் மெற்றில்டா அக்கா. பாயில், தன் துணிமூட்டையில் சாய்ந்தபடி, சிலாவத்துறையிலிருந்து பேசாலைக்குத் துணி விற்க வரும் றஸ்னா. மேசையடியில் நான், ஜெயந்தினி.

வியாழக்கிழமைகளில் நாவல் ஒன்றைச் சத்தமாக வாசித்துக் கேட்பது எங்கள் வழக்கம். இந்த முறை போர்க்காலத்துப் பெண்களைப் பற்றிய நாவல். மச்சாள்தான் தேடிக் கொண்டுவந்தார். அவர் தவக்காலத்தில் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகிறவர். எதை வாசித்தாலும் அந்த ஒப்பாரி இராகம் வந்துவிடும்.

"மச்சி, இன்னும் ஒருத்தரும் மௌத்தாகல்லயே. அதுக்குள்ள ஏன் அழுறீங்க?" என்றாள் றஸ்னா.

"வாயை மூடிக்கொண்டு கேளடி. இனித்தான் வருது."

வந்தது. கதையில் அகதிகளை ஏற்றிப்போன வள்ளக்காரர் அவர்களை நடுக்கடல் மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு ஒரு சின்ன வள்ளம் வருகிறது. அதில் எல்லாருக்கும் இடமில்லை. ஒரு பெண் தன் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டுத் தனியே நிற்கிறாள். வள்ளம் மறைகிறது. இரவில் கடல் ஏறி அவளைக் கொண்டுபோகிறது.

மச்சாளின் குரல் உடைந்தது. றஸ்னா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மெற்றில்டா அக்காவைப் பார்க்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய மூத்த சகோதரி எமில்டா, தாயையும் தங்கையான இவரையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "அடுத்ததில வாறன்" என்று இதுபோல ஒரு தீடையில் நின்றவர். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை.

"திருப்பி வாசி," என்றார் அக்கா. "இராகம் போடாமல், நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசி."

மச்சாள் வாசித்தார். அக்காவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"கடல் ஏறினதை ஆர் பாத்தது?"

"என்னக்கா?"

"வள்ளம் போயிட்டுது. அவள் தனிய நிக்கிறாள். அப்ப அவளைக் கடல் கொண்டுபோனதை ஆர் நிண்டு பாத்தது?"

மச்சாள் புத்தகத்தை மூடினார். "அக்கா, நான் ஒளிக்கேல்லை. வேணுமெண்டுதான் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தனான். நவம்பரில ஆத்துமாக்கள் திருநாள் வருது. பூசையில செத்தவையின்ர பேர் வாசிக்கிறதுக்கு, கோயில்ல பேர் எழுதுற யாகப்பர் அண்ணை ஒவ்வொரு வருசமும் உங்களிட்டக் கேக்கிறார். நீங்கள் ஒருக்கா வாய்விட்டு அழுதா எமில்டா அக்கான்ர பேரைக் குடுத்திடுவியள் எண்டு நினைச்சன். அவவுக்கு ஒரு பூசையாவது கிடைக்கும்."

"அழுதிட்டன் தானே. ஆனா பேர் குடுக்கமாட்டன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ கடிதம் எழுதுறவள். இந்தப் புத்தகம் எழுதினவவுக்கு எழுது."

"புத்தகத்தில வாட்ஸ்அப் நம்பர் கிடக்குது பாருங்க. ஒரு வொய்ஸ் போட்டாச் சரி," என்றாள் றஸ்னா.

"குரலை அழிச்சுப்போடுவினம். கடதாசியெண்டா கையில பிடிக்கத்தானே வேணும்."

நான் வழக்கம்போல நலம் விசாரித்து, நாவலைப் பாராட்டித் தொடங்கினேன். அக்கா வெட்டச் சொன்னார். "கதை நல்லது. அழுததையும் போடு. ஆனா கேள்வியை முதல்ல போடு." கடைசியில் கடிதம் இப்படி அமைந்தது:

மதிப்புக்குரிய எழுத்தாளர் அம்மாவுக்கு,

உங்கள் நாவலில் வரும் தீடை அத்தியாயம் தொடர்பாக எழுதுகிறோம். வள்ளம் போன பிறகு அந்தப் பெண்ணைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கடல் அவளைக் கொண்டுபோனதைப் பார்த்தவர் யார்? பார்த்தவர் இருந்தால் அவருடைய பெயரும் விலாசமும் எங்களுக்கு வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை என்றால், அடுத்த பதிப்பில் அவளை நின்றபடியே விட்டுவிடுங்கள். கதையைக் கேட்டு அழுதோம். அதனால்தான் கேட்கிறோம்.

"அப்ப யாகப்பர் அண்ணைக்கு என்ன சொல்றது?" என்று மச்சாள் மெல்லக் கேட்டார்.

"மறுமொழி வரட்டும் எண்டு சொல்."

"வராட்டி?"

"வராட்டித் திருப்பி எழுதுவம். ஜெயந்தினிக்குக் கை நோகாது."

மச்சாளுக்கே சிரிப்பு வந்தது. புத்தகத்தின் உள்பக்கத்திலிருந்து பதிப்பகத்தின் சென்னை விலாசத்தை அவர்தான் எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடித உறையின் பின்புறம் அனுப்புநர் இடத்தில் மெற்றில்டா என்று எழுதினேன்.

"அதுக்கு மேல எமில்டா எண்டும் போடு," என்றார் அக்கா. "அவதானே மூத்தவ."

போட்டேன். உறையின் வாயில் பசை தடவி, அக்கா உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். பஸ்ஸுக்குப் புறப்பட்ட றஸ்னா, "தாங்க, மன்னார்ல போட்டுவிடுறன்" என்று கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. எல்லாருமாகத் தபால் கந்தோருக்கு நடந்தோம்.

பதிவுத் தபாலுக்குத் தராசில் வைத்து நிறுத்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அனுப்புறது ரெண்டு பேரோ? ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"இப்ப நான் வைக்கிறன்," என்றார் மெற்றில்டா அக்கா. "அவ வந்தா அவவும் வைப்பா."

அந்தப் பெண் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினாள். முத்திரையைக் குத்திக் கடிதத்தைப் பைக்குள் போட்டாள்.