பிப்ரவரி இரண்டாம் தேதிக் கட்டம்

...ஏனென்றால் தேதி குறித்துவைத்து எழுதிய கிண்டலுக்கு மனித வரலாற்றில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை, இதை நான் முழுப் பொறுப்போடு சொல்கிறேன், அதாவது சொல்லியிருப்பேன், வாய் காலியாக இருந்திருந்தால்... இடது கன்னத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழந்தை படுத்திருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பொம்மை ஒளித்துச் சுடும் ரோஸ்கா ரொட்டியில் என் துண்டுக்குள்தான் இது இருக்க வேண்டுமா? பொம்மை கிடைத்தவன் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளமாவில் அவித்த தமாலெஸ் வாங்கித் தர வேண்டும், சரி, மெக்சிகோவில், அதுவும் புவெப்லாவில் பிறந்தவன் அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் கல்லூரித் தோழி ரொசாவுரா இந்த வருஷம் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டாள், அன்றைக்கு எங்கள் வலைப்பூவில் பதிவு எழுத வேண்டியவனும் அவனேதானாம். கரும்பலகைச் சாயம் பூசிய அவள் சமையலறைச் சுவர் முழுக்கக் கட்டங்கள், எந்தத் தேதியில் யார் எதை எழுதுவது என்று டிசம்பர் வரைக்கும்... கல்லூரியைக் கிண்டலடிக்க ஒரு வலைப்பூ, அதற்கு ரயில் அட்டவணை! துறைத் தலைவர் எந்த வாரம் உளறுவார் என்று அவருக்கே தெரியாதே, நமக்கெப்படித் தெரியும் என்று போன வாரம் கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் ஸ்கேலை எடுத்து மார்ச்சுக்குக் கோடு போட்டாள்.

“பொம்மை யாருகிட்டடா?” என்கிறாள் இப்போது. யாரும் காட்டச் சொல்லாமலே நண்பன் லெயாந்த்ரோ வாயைக் கடைவாய்ப் பல் வரை திறந்து காட்டுகிறான். “கடைக்காரன் போட மறந்திருப்பான்” என்கிறான். “அவனா? போன வருஷம் மூணு போட்டான்!” என்று சொல்லிவிட்டு ரொசாவுரா என் பக்கம் திரும்புகிறாள். “நீ என்னடா ஊமை மாதிரி? மூடுற வாயா அது?” நான் சாக்லேட் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைக்கிறேன்... விழுங்கிவிட்டால் என்ன? என் மாமா ஒருவர் விழுங்கியிருக்கிறார், வாழ்க்கையில் அவர் காட்டிய ஒரே உறுதி அதுதான். “அக்டோபருக்கு அப்புறம் ஒருத்தனும் ஒரு வரி எழுதல. பிப்ரவரி ரெண்டு காலியா இருந்துச்சுன்னா சுவரத் தொடச்சிடுவேன், வலைப்பூவையும் மூடிருவேன், அவ்வளவுதான்.” குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, கையில் ஈரத்துணி வேறு.

அக்டோபருக்கு அப்புறம் நான் ஏன் எழுதவில்லை? தானாகப் பொங்கி வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை, எந்தத் தேதிக்கு வரவேண்டும் என்று அதற்கு யாராவது சொன்னோமா... ஆகஸ்ட் கட்டத்தில் பொடியாக என்னவோ எழுதியிருக்கிறாள், எழுந்து போனால்தான் தெரியும், போகிறேன். ‘புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும்.’ அட, நன்றாக இருக்கிறதே. ஆகஸ்டில் வருமா தண்ணீர்? கல்லூரி லிஃப்ட் அப்போதும் இரண்டாம் மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருக்குமா? இங்கே உட்கார்ந்திருக்கும் இதே ஆட்கள்தான் அப்போதும் இருப்பார்களா?

சுண்ணக்கட்டியை எடுத்து, பிப்ரவரி இரண்டில் என் பெயரை எழுதுகிறேன். “அடப்பாவி, அவன் கன்னத்தப் பாருங்க!” என்று கத்துகிறான் லெயாந்த்ரோ. ரொசாவுராவின் ஈரத்துணி பாத்திரத் தொட்டிக்குள் விழும் சத்தம். நான் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டம் காலி, அதில் ‘லிஃப்ட்’ என்று எழுதுகிறேன். மார்ச்சில் துறைத் தலைவர்... மே மாதம் நான் எதைப் பார்த்துச் சிரிப்பேன்? தெரியவில்லை, தெரியாததால்தானா கை நிற்கமாட்டேன் என்கிறது? அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, மேலே இருக்கும் ஜூன் கட்டம் கைக்கு எட்டாததால், ஏறி நின்று எழுத நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.