பதினேழாம் வட்டுக்குப் பத்திரிகை

சுள்ளிக்கரட்டில் எறிந்த வட்டு அன்றைக்கே இறங்கிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலது மறு நிமிசமே விழுந்துவிடும். சிலது மாசக்கணக்கில் மேலேயே இருக்கும். நாச்சிமுத்து எறிந்த பதினேழாம் நம்பர் வட்டு மேலே போய்ப் பதினோரு வருசம் ஆகிறது.

நோட்டீசில் டிஸ்க் கோல்ப் போட்டி என்று அச்சடித்திருப்பார்கள். ஊருக்குள் அது வட்டெறி. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. எறிகட்டம் என்று சுண்ணாம்பில் ஒரு சதுரம் போட்டிருக்கும், அதில் நின்று எறிய வேண்டும். தூரத்தில் கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்ட கூடை இருக்கும். வட்டு எங்கே விழுகிறதோ அங்கே போய் நின்று மறுபடி எறிய வேண்டும். கூடைக்குள் போகிற வரைக்கும் அப்படியே. வட்டு கீழே விழுகிறவரை, எறிந்தவர் கட்டத்தைவிட்டு நகரக்கூடாது.

நாச்சிமுத்து நகரவில்லை. அவர் மனைவி துளசிமணி மூன்று வேளையும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். மகள் சுகந்தி ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் கட்டத்துக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்துதான் படித்தாள். மழைக்கு ஒரு தகரம், வெயிலுக்கு ஒரு குடை. மற்றபடி குடும்பம் நல்லபடியாகவே நடந்தது.

கட்டத்தைவிட்டு வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வந்தால் எறிந்ததே இல்லை என்று ஆகிவிடும். எறியவே இல்லை என்றால் இத்தனை வருசம் அவர் எங்கே இருந்தார் என்று யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் யாரும் கேட்கவில்லை.

சுகந்திக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளிக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பது முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா மயிலாத்தாள் கட்டத்துக்கே வந்து சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்களுக்குப் பவுனு, சீரு ஒண்ணும் வேண்டாமுங் சம்பந்தி. பொண்ணப் பெத்தவரு மணையில நின்னு தாரை வார்த்துக் குடுக்கோணும். அது ஒண்ணுதான். சித்தப்பன் பெரியப்பனெல்லாம் எங்க வழக்கத்துல செல்லாது."

"அதுக்கென்னுங், வந்துட்டாப் போச்சு," என்றார் நாச்சிமுத்து, நின்றபடி.

மயிலாத்தாள் வானத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. வட்டு நேரம் தவறாமல் கிழக்கேயிருந்து வந்து, கட்டத்துக்கு மேலே ஒரு தென்னை உயரத்தில் தாண்டி, பால் சொசைட்டிப் பக்கம் போனது. சொசைட்டியில் அதைப் பார்த்துத்தான் ஷட்டரை இறக்குவார்கள்.

"அது எறங்கோணுமே," என்றாள்.

"எறங்கலீனா?"

"பையனுக்கு வேற எடம் பாக்கறதுதானுங்."

அவள் போன பிறகு துளசிமணி போசியைக் கழுவிக்கொண்டே, "இன்னொண்ணும் இருக்குதுங்க," என்றாள். "டீச்சரம்மா திருப்பூருக்குப் போயிருச்சு."

மேலே இருக்கிற ஒவ்வொரு வட்டுக்கும் போட்டிக் கமிட்டி ஒரு தொண்டரைப் போடும். வட்டு இறங்குவதை அவர் கண்ணால் பார்த்து, கொடி தூக்கி, விசில் ஊத வேண்டும். தொண்டர் பார்க்காமல் இறங்கினால் இறங்கினதாகக் கணக்கில்லை. பதினேழாம் வட்டுக்கு ரங்கநாயகி டீச்சர் இருந்தார். மகன் வீட்டோடு போய்விட்டார். இரண்டு மாசமாக அந்த வட்டைப் பார்க்க ஆளில்லை.

மறுநாளே துளசிமணி கமிட்டி ஆபீசுக்குப் போனாள். செயலாளர் ஆறுச்சாமி தொண்டர் விண்ணப்பத்தை எடுத்து அவரே நிரப்பினார்.

"மேல பாத்து எத்தன வருச அனுபவமுங்க்கா?"

"பதினொண்ணு."

"கழுத்து வலி?"

"சாயந்திரத்துல கொஞ்சம் இருக்குந் தம்பி."

"அது எல்லாத்துக்கும் இருக்கும். இல்லைன்னு போட்டுக்கறேன். ஏன் தொண்டு செய்ய விரும்புறீங்க?"

"பொண்ணுக்குக் கல்யாணம்."

ஆறுச்சாமி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். புதுத் தொண்டர்கள் ஒன்பது பேர் வரிசையாக நின்று மேலே பார்த்தார்கள். மத்தியானம் தக்காளி சாதம். அதையும் மேலே பார்த்தபடியே சாப்பிட வேண்டும். சிந்தாமல் சாப்பிட்டவள் துளசிமணி ஒருத்திதான். மஞ்சள் தொப்பி, பச்சைக்கொடி, விசில், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். விதிப் புத்தகத்தை ஆறுச்சாமி வாசித்துக் காட்டினார்: தொண்டர் தன் வட்டைக் கூப்பிடக் கூடாது. கையாட்டக் கூடாது. மற்ற வட்டோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது. பரிதாபமாகப் பார்க்கக் கூடாது.

துளசிமணி கட்டத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பரிதாபம் இல்லாமல்தான் பார்த்தாள். வட்டு தினமும் பத்து நாற்பதுக்கு வந்தது, போனது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது, பிறகு பத்து நாள் இருந்தது.

வீட்டில் பத்திரிகை அடித்து வந்தது. ஊரெல்லாம் வைத்தாகிவிட்டது. மோட்டார் ரிப்பேர் கடைக்கு வைத்தார்கள், நாச்சிமுத்துவுக்குப் பதினோரு வருசமாகக் கட்டத்துக்கே வந்து சவரம் செய்கிறவருக்கு வைத்தார்கள், மூணு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத மேற்கு வீட்டுக்கும் வைத்தார்கள். கட்டில் மேல் மிச்சம் கிடந்ததை எண்ணிக்கொண்டிருந்த துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வட்டுக்கு யாருமே பத்திரிகை வைக்கவில்லை. எத்தனை தெரிந்தவராக இருந்தாலும் பத்திரிகை வைக்காத வீட்டுக்கு யார் வருவார்கள்?

நேராக ஆறுச்சாமியிடம் போனாள்.

"கூப்பிடக் கூடாதுன்னு இருக்குதுங்களே அக்கா."

"கூப்பிடலை தம்பி. பத்திரிகை வெக்கறேன். வர்றதும் வராததும் அவுங்க இஷ்டம்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. சாவு பற்றி மட்டும் இருந்தது. வட்டுக்கு நெருங்கினவர் யாராவது இறந்தால் ஒரு தடவை சொல்லலாம், அழக்கூடாது.

"சாவே சொல்லலாங்கறப்ப கல்யாணஞ் சொல்றதுக்கென்ன?" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. ஆறுச்சாமி சீல் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். வட்டு வந்தது. அவள் தலைக்கு மேலே வந்ததும் வேகம் குறைத்து, தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு போய்விட்டது. அன்றைக்குச் சொசைட்டி ஷட்டரை நாலு நிமிசம் தாமதமாக இறக்கினார்கள்.

"ஏம்புள்ள, உனக்கு விவரந் தெரியாதா?" என்றார் நாச்சிமுத்து. "ஒத்தையில நின்னு பத்திரிகை வெச்சா எவன் வருவான்? புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருஞ் சேந்து வெக்கோணும்."

"நீங்கதான் நவுர முடியாதே."

"நான் நவுரலீனா நீ நவுந்து வாயேன்."

எறிகட்டத்துக்குள் ஆட்டக்காரரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. பதினோரு வருசமாக அவள் கோட்டுக்கு வெளியே நின்றுதான் குழம்பு ஊற்றியிருக்கிறாள். அடுத்த நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்று, நடுவில் தாம்பாளத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவள் தொப்பிக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

வட்டு நெஞ்சு உயரத்துக்கு இறங்கி வந்தது.

"வர்ற வெள்ளிக்கெழமை நம்ம சுகந்திக்குக் கல்யாணமுங்," என்றார் நாச்சிமுத்து. "நீங்கெல்லாம் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

"மொத நாளே வந்துருங்க," என்றாள் துளசிமணி.

பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு அதன் மேல் வைத்தார்கள். குங்குமத்தை ஓரத்தில் தொட்டு வைத்தாள். வட்டு சாய்க்காமல் கொள்ளாமல் மெதுவாக ஏறிப் போனது. மறுநாள் வந்தபோது அதன் மேல் பத்திரிகை இல்லை. குங்குமம் மட்டும் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் அது வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது. துளசிமணி பட்டுச்சேலை கட்டி, மஞ்சள் தொப்பி போட்டு, மடியில் கொடியோடு மணமேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களை வாங்க வாங்க என்று மேலே பார்த்தபடியே கேட்டாள். பெண்ணின் அப்பாவுக்குப் போட்ட மணை காலியாகக் கிடந்தது. எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது. மயிலாத்தாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சம்பந்தியம்மா, எம்பையன் மொகத்தப் பாருங்க. கழுத்துல மாலையோட எழுந்திரிச்சு வான்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? வழக்கம் வழக்கமுங்."

"ஒம்பது வரைக்கும் முகூர்த்தமுங்," என்றாள் துளசிமணி.

எட்டு முப்பத்தைந்துக்கு வட்டு வாசல் வழியாக வந்தது. வரவேற்பு மேசையில் பன்னீர் தெளித்தார்கள், நின்று வாங்கிக்கொண்டது. சந்தனம் வைத்தார்கள். கல்கண்டு வேண்டாம் போல, தாண்டி வந்தது. வழி நெடுக ஆட்கள் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். முன்வரிசைக்கு வந்து, கடைசி நாற்காலிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தவர் துண்டை எடுத்துக்கொண்டார்.

மேளம் நின்றது. துளசிமணி விசிலை வாயில் வைத்தவள் ஊதவில்லை. அங்கே இறங்கினால் நாச்சிமுத்து அந்த நாற்காலியில்தான் நின்றாக வேண்டும். மணை மேடைமேல் இருக்கிறது. தொண்டர் கூப்பிடக் கூடாது, கையாட்டக் கூடாது. சுகந்தி தலையைக் குனிந்து மாலையில் ஒரு பூவை உருவி உருவிப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மயிலாத்தாள் வட்டைப் பார்த்தாள், துளசிமணியைப் பார்த்தாள், பூவைப் பிய்க்கிற கையைப் பார்த்தாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு மேடையைவிட்டு இறங்கி வந்தாள்.

"இதென்னுங், பொண்ணு ஊட்டு ஒறவு ஒரம்பரை கடைசி சேர்ல வந்து உக்காருறது?" என்றாள் சத்தமாக. "நாங்க மருவாதி தெரியாதவங்கன்னு ஊரு பேசறதுக்கா? மேல வாங்க. மேல வந்து உக்காருங்க."

வட்டு இரண்டு தடவை வேண்டாம் என்பதுபோல ஆடியது. மூன்றாவது தடவையும் சொன்னாள். அதற்கு மேல் மறுக்க முடியாதல்லவா? மேடைக்கு ஏறிப் போய் மணையில் உட்கார்ந்தது.

துளசிமணி கொடியைத் தூக்கினாள். விசில் ஊதினாள்.

ஆறுச்சாமி மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். நாச்சிமுத்துவுக்கு உட்கார்கிற பழக்கம் விட்டுப்போயிருந்ததால் பின்சீட்டில் நின்றபடியே வந்தார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு வட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது இருந்த மணைமேல் ஏறி நின்றார். சுகந்தியின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, துளசிமணி செம்பைச் சாய்க்க, தாரை வார்த்துக் கொடுத்தார். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. தாலி ஏறியது. மயிலாத்தாள்தான் முதலில் அழுதாள்.

"தேஞ்சு போயிருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் சுகந்தி, நடுவில் கோடு இல்லாமல் அப்பாவைப் பார்த்து. "வளந்திருக்கீங்கப்பா."

"நின்னுட்டே இருந்தா வளரத்தான செய்யும்," என்றார்.

விழுந்த வட்டை ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் மறுபடி எறிந்தாக வேண்டும். யாரோ வெற்றிலை கொடுத்தார்கள். நாச்சிமுத்து நிதானமாக மென்று முடித்து, உடம்பைத் திருப்பி, பந்தி நடக்கிற வாசல் வழியாக எறிந்தார். வட்டு சாம்பார் வாளிகளுக்கு மேலே போய், தகரக் கூரை தாண்டி, ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. துளசிமணி நாற்காலியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்டாள்.

சாயந்திரம் மண்டப மேனேஜர் வந்து மணையையும் அதன்மேல் நின்றவரையும் பார்த்தார்.

"நாளைக்கு வேற பார்ட்டிங்களே," என்றார்.

"வரட்டுமுங்," என்றார் நாச்சிமுத்து. "நான் ஓரமா நின்னுக்க முடியாது. அவுங்களைப் பாத்து நடந்துக்கச் சொல்லுங்க."

மறுநாள் பார்ட்டி வந்தது. பெண்ணின் அப்பா நிற்கிற மணையில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். புரோகிதர் நேரமாகிறது என்றார். நாச்சிமுத்து தாரை வார்த்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணைப் பெற்றவர், நான் எங்கே நிற்பது என்று கேட்டார். கூட்டத்தோடு நிற்கச் சொன்னார்கள், நின்றார்.

ஆவணியில் சுகந்தியோடது சேர்த்து ஆறு முகூர்த்தம் இருந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னால் எட்டு. தலைதீபாவளி அன்று விடியற்காலையில் பதினாலு மாப்பிள்ளைகளும் பெண்டாட்டிகளோடு மாமனார் நிற்கிற மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். துளசிமணி தொப்பியைக் கழற்றி ஆறுச்சாமியிடம் கொடுத்து, சித்த நேரம் மேலே பார்த்துக்கச் சொல்லிவிட்டு, சீயக்காயையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பலகைகளை வரிசையாகப் போட்டு, எல்லாரையும் முகூர்த்தத் தேதிப்படி உட்காரச் சொல்லி, மூத்த மாப்பிள்ளைக்கு முதலில் எண்ணெய் வைத்தாள்.